சனிப்பெயர்ச்சி

பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்த ஆனந்தராஜ், மாடியில் ஆர்த்தியோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தான்.

ஒட்டுக்கேட்டுவிட்டு வந்த அவள் அப்பா பச்சைமுத்து கீழே மனைவியிடம் பதறினார்.

"சாட்டர்ன், சாட்டர்ன்னு சனியப் பத்தியே சண்ட போட்டுக்கினு இருக்காங்க. 'சாட்டர்ன் நல்லதுதான், வந்த நேரந்தான் சரியில்ல'ங்கறா."

"போச்சு," என்றாள் மனைவி. "ஏழரைச் சனின்னுதான் ரெண்டு வரன் தட்டிப்போச்சு. இவளே சொல்லிட்டாளா?"

ஆர்த்தியும் ஆனந்தராஜும் சிரித்தபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள்.

"அப்பா, இவருக்கும் பழைய வீடியோ கேம் பைத்தியம். ட்ரீம்காஸ்ட், சாட்டர்ன்னு ரெண்டு கேம் மிஷினு, ரெண்டுமே சரியா விக்காம போனதுதான். ட்ரீம்காஸ்ட் ஒசத்திங்கறாரு. நான் எங்கிட்ட இருக்கற சாட்டர்ன்தாங்கறேன்."

"நாள் குறிங்க மாமா. சாட்டர்ன மட்டும் மறக்காம குடுத்தனுப்புங்க."

பச்சைமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாராளமா எடுத்துக்கினு போங்க மாப்ள. எப்படியோ சனி எங்க வூட்ட விட்டுக் கிளம்பினா சரி."