கடுகுக்குப் பதிலாக

“கையை இறுக்கிப் பிடிங்க சார். ஆட்டக்கூடாது.”

பிடித்தான்.

மூன்று மாதக் குழந்தையின் கை. காய்ச்சலில் கொதித்தது. நெஞ்சில் சளி. மூச்சு விடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம்.

நர்ஸ் குப்பியைக் குலுக்கினாள். லேபிள் அவன் பக்கம் திரும்பியது.

ஆம்பிசிலின். பெனிசிலின் வகை.

ஐயோ, கடவுளே.

“குழந்தைக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காம இருந்திருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர்” என்றாள் அவன் மனைவி வினோதினி. கட்டிலுக்கு மறுபக்கம் நின்று குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

அவன் வேலை பார்ப்பது மருந்து ஆலையில். பெனிசிலினை வெட்டி, இந்த மாதிரி மருந்துகளுக்கு மூலப்பொருள் எடுக்கும் பிரிவு. வெட்டுவது ஒரு நொதி. அதை அப்படியே கரைத்து ஊற்றினால் ஒரு தடவையோடு போயிற்று. அதனால் குட்டிக் குட்டி வெள்ளை மணிகளில் ஒட்டவைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் மணிகள் சல்லடையில் தங்கும். கழுவி அடுத்த தொட்டிக்கு. மறுபடி கழுவி மறுபடி தொட்டிக்கு. ஓய்ந்துபோன மணிகளை எரிக்க அனுப்பிவிடுவார்கள்.

அதில் நாலு கை அள்ளி, டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான்.

குழந்தைக்குத் தலை உருண்டையாக வர வேண்டும், தலையணைக்குக் கடுகு வாங்கிட்டு வாங்க என்று மாமியார் சொல்லியிருந்தார். கடுகு என்ன பெரிய கடுகு! இது ஜவ்வரிசி மாதிரி வழவழவென்று இருக்கிறது. பூச்சி பிடிக்காது. எத்தனையோ தடவை கழுவியது. அவனே உறைக்குள் கொட்டிக் கொடுத்தான். அன்றைக்கு அவனுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

எவ்வளவு கழுவினாலும் மணியின் துளைகளுக்குள் பெனிசிலின் கொஞ்சம் தங்கும். ஆலையில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். வீட்டில் அது ஞாபகம் வரவில்லை.

குழந்தையின் பிடரியில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது.

“நீ வாயைக் கட்டல. அதான் பால் வழியா புள்ளைக்கு இறங்குது” என்று மாமியார் மகளைத் திட்டினார்.

வினோதினி மீனை விட்டாள். கத்திரிக்காயை விட்டாள். மூன்று வேளையும் மிளகு ரசமும் சோறும்தான். தன்னால்தான் குழந்தைக்கு இப்படி என்று அழுதாள்.

பிறகு ஒரு நாள், பக்கத்துத் தொட்டியில் வேலை செய்யும் தனபால் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். அதே தடிப்பு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகம். சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு வைத்ததுதான் தாமதம், உதடு வீங்கி, மூச்சுத் திணறி விழுந்துவிட்டான். பிழைத்தது பெரும்பாடு.

அன்று வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் மணிகளைக் கொட்டிவிட்டுக் கடுகை நிரப்பினான்.

தடிப்பு அடங்கியது.

“பாத்தியா, வாயைக் கட்டினதும் எப்படி அடங்கிருச்சு!” என்றார் மாமியார். வினோதினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரசத்தை விடவே இல்லை. அவன் எதிரே உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டான். உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? ஆலைக்குத் தெரிந்தால் வேலையும் போய்விடும். அதுதான் சரியாகிவிட்டதே என்று இருந்துவிட்டான், பாவி.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

“முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? பயப்படாதீங்க சார், முதல்ல டெஸ்ட் டோஸ்தான்.”

டெஸ்ட் டோஸ்.

அதிலேயே தெரிந்துவிடுமே. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர்களே மருந்தை மாற்றிவிடுவார்கள். நாம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

அப்படியும் நினைத்தான். பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி நினைத்தான்.

பஞ்சு தோலைத் துடைத்தது.

தனபாலுக்கும் ஒரு சொட்டுதான் வைத்தார்கள்.

“வேணாம் சிஸ்டர்!”

கத்திவிட்டான். குழந்தை வீறிட்டது.

சொன்னான். ஆலை, மணி, தலையணை, தடிப்பு எல்லாம். இப்போது உள்ளே கடுகுதான் என்றும் சொன்னான். நர்ஸைப் பார்த்தே சொன்னான். கட்டிலுக்கு மறுபக்கம் பார்க்கத் தைரியமில்லை.

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

“நல்ல வேளை சார். டாக்டர்கிட்ட வேற மருந்து கேட்டுட்டு வரேன்.” குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். “விவரமான அப்பாதான்டா உனக்கு.”

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நர்ஸின் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்தது.

“தலையணையில கடுகை எப்ப போட்டீங்க?” என்றாள் வினோதினி.

இன்றைக்குக் காலையில் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

“தடிப்பு அடங்கறதுக்கு முந்தின நாள்.”

அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பிறகு தன் போனை எடுத்து, அம்மாவின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, அவனிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க.”

மணி அடித்தது. மாமியார் எடுத்துவிட்டார்.

“அத்தே, நான்தான்…”

“சொல்லுங்க மாப்ள. புள்ளைக்கு என்ன? அவ மறுபடியும் எதையாச்சும் தின்னுத் தொலைச்சாளா?”