வந்தவர்களுக்குத் தேத்தண்ணி

"அவங்கள் வாறாங்கள், பிள்ளை. கதவைத் திற" என்றாள் சிஞ்ஞோரா லுவெல்லா.

இத்தாலியில், பலெர்மோவின் மாடி வீடொன்றில் இருக்கிற, எண்பதைத் தாண்டிய அமெரிக்கக் கறுப்புக் கிழவி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறவள் போலத் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு, கதவுக்கு நேரே நாற்காலியில் இருந்தாள். மடியில், செத்துப்போன சிசிலிக்காரப் புருசனின் முயல் வேட்டைத் துவக்கு.

அவளைப் பராமரிக்கிற மன்னார்க்காரி யோசப்பின் கதவுப் பூட்டை இன்னொருக்கால் இழுத்துப் பார்த்தாள்.

வருகிறவர்கள் இரண்டு பேர். கிழவியைக் கிளப்பிவிட்டு வீட்டைக் கூடின விலைக்கு விற்க நிற்கிற கட்டடக்காரன் அனுப்பிய ஆட்கள். போன கிழமை கதவில் அவளுடைய தோலைப் பற்றிக் கூடாத சொல் எழுதியவர்கள். இன்றைக்குப் பூட்டை உடைப்போம் என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்கள்.

"பொலிசைக் கூப்பிடுவம், சிஞ்ஞோரா."

"அந்தக் காலத்தில லூசியானாவில நாங்களும் கூப்பிட்டுப் பாத்தனாங்கள். இரவில எங்கட வீடுகளுக்குச் சுட்ட வெள்ளைக்காரரில பாதிப்பேர்தான் விடிய யூனிபோர்மோட விசாரிக்க வந்தவங்கள்."

அதற்குப் பிறகுதான் அவளுடைய அப்பாவும் தேவாலயத்து மூப்பர்களும் முறை வைத்துத் துவக்கோடு வாசலில் இருந்தார்களாம். வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன பெடியள் உள்ளே நிம்மதியாக நித்திரை கொண்டார்களாம்.

கதை நல்ல கதைதான். ஆனால் பலெர்மோவில் ஒரு வெடி கேட்டால் கிழவியை யார் பிடிக்கப்போகிறார்கள்? இங்கே இருக்க விடுகிற பெர்மெஸ்ஸோக் கடதாசியைப் பறித்து யோசப்பினைத்தான் பிளேன் ஏற்றுவார்கள்.

ஆகையால் மத்தியானம் கிழவி குறட்டை விட்ட நேரம் பார்த்து, இரண்டு தோட்டாவையும் கழற்றி அரிசிப் பேணிக்குள் புதைத்துவிட்டாள்.

இப்போது, அவர்கள் பூட்டை உடைக்க முதல், கதவைத் திறந்தாள்.

உள்ளே வந்தவர்கள் துவக்கைக் கண்டு நின்றார்கள். பிறகு தடியன் சிரித்தான்.

"என்ன அம்மம்மா, இது வெடிக்குமோ?"

பதிலுக்குத் துவக்கின் வாய்தான் மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

அவன் ஓரடி முன்னுக்கு வைத்தான்.

எட்டிப் பறித்தானென்றால் எல்லாம் முடிந்தது. வீடும் போகும், வேலையும் போகும். யோசப்பின் குசினிக்குள் ஓடினாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் செய்கிறதைக் கை தானாகச் செய்தது. பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றித் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நடுவில் நின்றாள்.

"சீனி எவ்வளவு போட?"

துவக்கின் குழல் இடைஞ்சலாக நீட்டிக்கொண்டிருந்தது. பூனையைத் துரத்துவதுபோல முழங்கையால் அதை ஒதுக்கினாள். அது திரும்பி அவளுடைய விலாவில் இடித்தது. "சும்மா இருங்கோ, சிஞ்ஞோரா" என்று அதட்டிவிட்டு, குழலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து சீனி கலக்கினாள்.

தடியனின் முகம் வெளிறியது. துவக்கு இவ்வளவு பழகிப்போன வீட்டுக்கு அவன் முன்பின் போனதில்லை.

சுடச்சுட ஒரே மிடறில் குடித்தார்கள். "கிராசியே" என்று நன்றி சொன்னார்கள். லிப்டுக்குக்கூட நிற்காமல் படியால் இறங்கினார்கள்.

யோசப்பினுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"வெறுந்துவக்குக்கு ஓடுறாங்கள், சிஞ்ஞோரா! தோட்டாவை நான் மத்தியானமே கழட்டிப்போட்டன்."

"கண்டனான்."

கிழவி துவக்கை மடித்துத் திறந்தாள். தேத்தண்ணித் தட்டில், அரிசித் தூள் ஒட்டின இரண்டு சிவப்புத் தோட்டாக்கள் விழுந்து உருண்டன.

"எங்கட அப்பா ஒரு நாளும் வெறுந்துவக்கோட வாசலில இருக்கேல்லை, பிள்ளை."