மகாலட்சுமியின் வலது கண்

பளிங்கு மகாலட்சுமியைச் சுற்றிச் சுற்றி வந்து உருகினார் ஜவுளிக்கடை முதலாளி.

"கூடத்துல வைக்கப்போறோம். வீட்டுல நடக்கிறதெல்லாம் தாயார் பார்வையிலயே இருக்கணும், சிற்பியாரே."

"இருக்கும்ங்க. கண்ணு மட்டும்தான் பாக்கி. அதைக் கடைசியா நான்தான் திறக்கணும், அது எங்க வழக்கம்."

முதலாளி வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வலது கண்ணை மட்டும் விட்டுடுங்க. கருவிழி இருக்கிற இடத்துல முதுகு வரைக்கும் துளை போட்டுக் கொடுங்க. சின்னதா ஒரு கேமரா வைக்கணும். நான் கடைக்குக் கிளம்பினதும் என் சம்சாரம் யாரைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசுறான்னு தெரிஞ்சாகணும். அவ காதுக்கு மட்டும் போயிடக் கூடாது."

சிற்பி திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ உளியை நிதானமாகத் துடைத்துக் கீழே வைத்தார்.

"அப்போ கண் திறக்கிற வேலையே எனக்கு இல்லைங்க."

"ஏன், இடது கண் இருக்கே?"

"அதுல நேத்தே துளை போட்டு, வெளியே தெரியாம மெழுகு வச்சு அடைச்சாச்சு. வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க. அவங்க ஊருக்குப் போற நாள்ல வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியணுமாம். உங்க காதுக்கு மட்டும் போயிடக் கூடாதுன்னாங்க."