கொஞ்சம் வெளிச்சம் கூட்டு

“யாருப்பா இது?” என்று கேட்டார் அர்த்தநாரி.

ஃபிளெக்ஸ் கடை தீனதயாளன் கம்ப்யூட்டர் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “குழலிதானுங்ண்ணா. நீங்க குடுத்த படந்தானுங்க.”

“நான் குடுத்த குழலி கருப்பு. இவ சுண்ணாம்பு அடிச்சாப்புல இருக்கறா.”

சங்ககிரியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தாலும் அர்த்தநாரிக்கு உயிர் எல்லாம் வாசகர் வட்டத்தில்தான். ஐம்பது வருடத்துக்கு முன் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த ஒரு காதல் நாவல் சினிமாவாகி வெள்ளிக்கிழமை வெளியாகிறது. கதாநாயகி குழலி நல்ல கருப்பு என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கும். அப்படியும் பத்திரிகையில் படம் போட்டவர் அவளைச் சிவப்பாக வரைந்தார். பிறகு டிவி தொடராக எடுத்தவர்கள் மும்பையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். இப்போதுதான் முதல்முறையாக ஒரு கருத்த பெண் குழலியாக நடித்திருக்கிறாள். அதைக் கொண்டாட, தியேட்டர் வாசலில் வைக்க வட்டத்தின் சார்பில் ஒரு ஃபிளெக்ஸ்.

அதிலும் கைவரிசையைக் காட்டிவிட்டான் தீனதயாளன்.

காதுகுத்து, சீர், பிறந்தநாள் என்று எந்த முகம் வந்தாலும் முதலில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டிவிடுவது பழக்கமாம். கை தானாகப் போய்விடுகிறதாம்.

அர்த்தநாரி விடவில்லை. வந்த டீ ஆறி ஏடு கட்டும்வரை வகுப்பெடுத்தார். நம்ம ஊர் வெயிலில் எத்தனை பேர் வெள்ளையாக இருக்கிறார்கள், அவர்களெல்லாம் காதலிக்கவே இல்லையா என்று கேட்டார்.

“எழுதினவருக்குத் தெரியாதா அவ என்ன நெறம்னு? அதைத் திருத்த நீ யாரு?”

தீனதயாளன் மறுபேச்சில்லாமல் குழலியைச் சொந்த நிறத்துக்குக் கொண்டுவந்தான். அர்த்தநாரி திரைக்குப் பக்கத்தில் குனிந்து ரசித்தார். வட்டத்தில் பேச நல்ல விஷயம் என்று மனதில் போட்டுக்கொண்டார்.

“அப்படியே நம்ம பாப்பாவோடதையும் பாத்துருங்ண்ணா.”

மகள் தனப்பிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மண்டப வாசலுக்கான ஃபிளெக்ஸ் திரையில் விரிந்தது. மேலே அர்த்தநாரி ட்யூப்லைட் மாதிரி பளபளத்தார். கீழே மாப்பிள்ளை ஆனந்தகுமார், பக்கத்தில் தனப்பிரியா. வீட்டில் இருக்கிற அதே தனப்பிரியா.

அர்த்தநாரி கடை வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “தம்பி, பாப்பாவுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டு.”

தீனதயாளன் திரையின் ஓரத்தில் சிறிதாக நின்ற குழலியைப் பார்த்தான். அர்த்தநாரிக்குக் காது சூடாயிற்று.

“அது கதைப்பா. இது நாலு சனம் வந்து பாக்கற எடம். ஜாதகத்தோட குடுத்த போட்டோவுக்கு நீதான கூட்டிக் குடுத்தே?”

“ஆமாங்க. காலைல மாப்பிள்ளையும் அதத்தான் கேட்டாருங்க.”

“மாப்பிள்ளை இங்க வந்தாரா?”

தன் போட்டோவைக் கொடுக்க வந்தாராம். தீனதயாளன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“ஜாதகத்தோட வந்த போட்டோவப் பாத்துட்டு வேண்டாம்னுதான் இருந்தாராமுங்க. அம்மா சொல்லுக்காக பொண்ணு பாக்க வந்தாராமுங்க. நேர்ல பாத்த பாப்பாவத்தான் புடிச்சுதாம். அந்த மொகத்துல கை வெக்கக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டாருங்க.”

அர்த்தநாரி திரையில் இருந்த மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் மேலே இருந்த தன் முகம் கண்ணில் பட்டது.

“என்னைய மட்டும் ஏம்ப்பா இப்படி வெளுத்து வெச்சிருக்கறே?”

“வெளிச்சம் கூட்டியே ஆகணும்னா மாமனாருக்குக் கூட்டிக்கச் சொன்னாருங்க.”