குதிகாலுக்கு ஒரு ஆள்

பெரியவர் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டு, கட்டுப்போட்ட காலைத் தொங்கவிட்டு, கட்டில் விளிம்பில் வீட்டுக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குணமானவர்களை ஒழுங்காக வீடு சேர்ப்பதும், அதே நோயோடு அவர்கள் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. வார்டில் அவளுக்கு 'வழியனுப்பி' என்று பெயர்.

புண் இருப்பது குதிகாலின் பின்புறம். முட்டி மடங்காத மனிதருக்கு அந்த இடம் அடுத்த ஊர் மாதிரி. தினமும் கட்டு மாற்ற இன்னொருவர் கை வேண்டும். போன தடவையும், அதற்கு முந்தின தடவையும் அழுகிய புண்ணோடுதான் திரும்பி வந்தார். இன்னொரு முறை அப்படி வந்தால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முன்பெல்லாம், வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்றுதான் கேட்பாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அதனால் கேள்வியை மாற்றினாள். நீங்கள் குடித்த டம்ளரை யார் கழுவுவது?

இதற்குத் தலையாட்டித் தப்ப முடியாது. ஒரு ஆளைச் சொல்லியே ஆகவேண்டும். இப்போது மருத்துவமனை முழுக்க அவள் கேள்விதான்.

பெரியவர் யோசிக்கவே இல்லை. மகள்தான் கழுவுவாள் என்றார். ஈர டம்ளரை மேஜைமேல் வைத்தால் வட்டம் விழுகிறதென்று கத்துவாளாம். கட்டு மாற்றும்போது வலிக்கிறது என்றால், சின்னப் பிள்ளையா நீங்கள் என்று முறைப்பாளாம்.

வழியனுப்பிக்குச் சிரிப்பு வந்தது. பொய்யில் இவ்வளவு நுணுக்கம் இருக்காது.

ஒரு வேலை பாக்கி. அதுவும் அவள் கொண்டுவந்த ஏற்பாடுதான். நோயாளி வார்டைவிட்டுக் கிளம்புமுன், அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு போன்.

அவர் கொடுத்திருந்த மகளின் எண்ணை அழுத்தினாள்.

கட்டிலுக்கடியில், அவருடைய பைக்குள் மணி அடித்தது.

பெரியவர் அசையவில்லை. அவளும் துண்டிக்கவில்லை. துணிகளுக்கு நடுவே ஏதோ ஒரு பாட்டு பாடிப் பாடித் தானாகவே ஓய்ந்தது.

"அவ நம்பர்தாம்மா. அவ தவறிப்போனதுலேர்ந்து ஒரு நாள்கூட சார்ஜ் இறங்க விட்டதில்ல."

அவள் கேள்வியைத் தீட்டத் தீட்ட, அவரும் பதிலைத் தீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

இன்னும் கூர்மையாக ஒரு கேள்வி யோசிக்கலாம். ஆனால் எந்தக் கேள்விக்கும் ஒரு ஆள் முளைத்து வந்துவிடப் போவதில்லை. வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றும் நர்ஸுக்கு வாரம் ஒரு முறை வர நேரம் கிடைத்தாலே பெரிது. பராமரிப்பு இல்லங்களில் இடத்துக்குக் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவள் அனுப்பியவர்கள்.

வார்டு நர்ஸ் கதவருகே தலையை நீட்டினாள். "அக்கா, கீழ ஸ்ட்ரெச்சர்லயே ஒருத்தர் கிடக்கறார், பெட் வேணும். இவரோட மகளுக்கு ரிங் போச்சா?"

"போச்சு" என்றாள்.

பிறகு தரையில் மண்டியிட்டு, கட்டுப்போட்ட காலுக்கு மெதுவாகச் செருப்பை மாட்டிவிட்டாள்.