பத்துக்குப் பத்து

பத்துக்குப் பத்து என்று போனில் வந்து நின்றதைப் பார்த்ததும் சூப்பர்வைசர் அக்காவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

நாற்பத்து மூன்று வயதில் வாங்குகிற மார்க். பள்ளிக்கூடத்தில் தலைகீழாக நின்றும் அவள் பாதியைத் தாண்டியதில்லை.

கண்ணாடி அறைக்கு வெளியே, ஓட்டலின் சலவைக்கூடம் மதியச் சாப்பாட்டுக்காக அடங்கிக் கிடந்தது. மெஷின்கள் ஓய்ந்திருந்தன. தள்ளுவண்டிகளில் படுக்கை விரிப்புகள் குவிந்திருந்தன.

அவள் ஆன்லைனில் பி.பி.ஏ. படிப்பது இங்கே ஈ காக்கைக்குத் தெரியாது. டிகிரி இல்லாத சூப்பர்வைசர்களுக்கு நிர்வாகம் மூன்று வருடம் கெடு வைத்திருந்தது. ஆனால் கூடத்தில் கேட்டவர்களிடமெல்லாம், அதெல்லாம் அந்தக் காலத்திலேயே முடித்தாயிற்று என்று அவள் அளந்துவிட்டிருந்தாள். இப்போது போய் முதல் வருடம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மார்க் வாங்கிய கட்டுரையின் தலைப்பு, 'உங்கள் பணியிடத்தில் ஒரு சிக்கலான ஊழியர்'.

அந்தப் படிப்பில் ஒரு வழக்கம். கட்டுரைகளை வாத்தியார் திருத்துவதில்லை. கூடப் படிக்கிறவர்களே, பெயர் தெரியாமல், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி மார்க் போட வேண்டும்.

யாரைப் பற்றி எழுதுவது என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கோட்டான்தான் இருக்கிறாளே.

இஸ்திரி மெஷினில் நிற்கிறவள். வாயைத் திறக்க மாட்டாள் என்பதால் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் ஊமைக்கோட்டான். கூப்பிடச் சௌகரியமாகக் கோட்டான். சாப்பாட்டு நேரத்தில் யாரோடும் ஒட்டாமல், சோப்புத்தூள் டிரம்மில் போனைச் சாய்த்து வைத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சீரியல் பார்ப்பாள். கட்டுரையில் அதையும் விடாமல் எழுதினாள் அக்கா. 'கற்றுக்கொள்ளும் ஆர்வமற்றவர்' என்று ஒரு வரியும் சேர்த்தாள். பாடத்தில் இருந்த வரி. எடுப்பாக இருந்தது.

போன வாரம் பதினெட்டு மேசைவிரிப்புகள் கருகிப்போன கதைதான் கட்டுரைக்கு உயிர். காரணம், ஊழியரின் கவனக்குறைவு. ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவர். மூன்றாவதையும் கொடுத்து வேலையைவிட்டு அனுப்புவதே தீர்வு.

மேலாளரிடமும் அவள் இதையேதான் சொல்லியிருந்தாள். மூன்றாவது மெமோ இதோ மேசைமேல் தயாராக இருக்கிறது. சாப்பிட்டதும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று கோட்டானிடம் சொல்லியாயிற்று.

மார்க்குக்குக் கீழே, திருத்தியவரின் குறிப்பு ஒன்று இருந்தது. பாராட்டாகத்தான் இருக்கும் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

'சிக்கல், காரணம், தீர்வு என்று கேட்டவை எல்லாம் ஒழுங்காக வந்திருக்கின்றன. முழு மார்க் கொடுக்கிறேன். ஒரே ஒரு குறை. நாலாம் நம்பர் மெஷினில் சூட்டைக் கூட்டுகிற குமிழுக்குப் பூட்டு உண்டு. அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதியிருந்தால் கட்டுரை முழுமையாக இருந்திருக்கும்.'

இன்னொரு தரம் படித்தாள். எந்த மெஷின் என்று கட்டுரையில் அவள் நம்பரே போடவில்லை.

கை தானாக இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போயிற்று.

அன்றைக்கு ஏதோ விருந்து. விரிப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. சூட்டை ஏற்றினால் வேலை ஓடும் என்று பூட்டைத் திறந்து ஏற்றிவிட்டவள் அவள்தான். ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம் என்றிருந்தாள். அதற்குள் ஆன்லைன் வகுப்பு தொடங்கிவிட்டது. வருகைப் பதிவு போய்விடுமே என்று அடித்துப் பிடித்து ஓடிவந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் குமிழ் ஞாபகம் வந்தது.

யார் வேலை இது என்று மேலாளர் கேட்டதும் அவள் விரல் கோட்டானைக் காட்டியது. கோட்டான் அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

இப்போது அக்காவுக்கு முகமெல்லாம் எரிந்தது. செய்ததுதான் செய்தாள், அதையே பாடமாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாளே. ச்சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

கண்ணாடி வழியே கூடத்தைத் துழாவினாள். துவைக்கிறவர் தரையில் துண்டு விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விரிப்பு மடிக்கிற இரண்டு பேரும் யார் தலையையோ உருட்டிக்கொண்டிருந்தார்கள். சோப்புத்தூள் டிரம் பக்கம் ஆளைக் காணோம்.

கதவு தட்டப்பட்டது. அவள் போனைக் குப்புறப் போட்டாள்.

கோட்டான் உள்ளே வந்தாள். காதில் மாட்டுகிற ஒயர் கழுத்தில் தொங்கியது. மேசையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள். மெமோவைப் பார்த்தாள், குப்புறக் கிடந்த போனையும் பார்த்தாள்.

"அக்கா, நாலாவது பாடத்து வீடியோ எனக்குச் சுத்திக்கிட்டே நிக்குது. உங்களுக்கு ஓடுதா?"

குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஒரே வகுப்புக்காரியிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

ஓடுகிறது என்று அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்படியா என்பதுபோல் கோட்டானும் தலையாட்டிவிட்டு, பேனா மூடியைக் கழற்றினாள். மெமோவைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்க போடணும்? காட்டுங்க."

போன வாரம் கேட்ட மாத்திரத்தில் நீண்ட விரல், மேசைக்கு அடியில் சாவிக்கொத்தைப் பிடித்தபடி எழாமல் கிடந்தது.