தெசாங்காவின் கம்பம்

காலையிலிருந்து குழாய் தூக்கித் தோள் மரத்துப்போயிருந்தது. ஒரு வாய் காபி குடிக்கலாமென்று உட்கார்ந்தேன். நிஷ் நகரத்து எங்கள் பழைய இரும்புக் கடைக்குள் தெசாங்கா அக்கா வந்தார்.

"ரேடியோ ஆன்டெனாவுக்குக் கம்பம் வேணும் தம்பி."

"உங்க வீட்டுக்காரர்தான் ஏற்கெனவே ஒண்ணு நட்டு ஜப்பான் வரைக்கும் பேசுறாரே?"

"இது எனக்கு. ரேடியோவுல பேசறதுக்கு நானும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிட்டேன்."

"அடேங்கப்பா! அப்ப அலுமினியக் குழாய் எடுங்க. இரும்புன்னா கனம், துருவும் பிடிக்கும். எட்டு மீட்டராவது வேணும்."

"ரெண்டு மீட்டர் போதும். சமையலறை பால்கனியில கட்டப் போறேன்."

அலுப்போடு எழுந்து ரம்பத்தை எடுத்தேன். "அந்த உயரத்துல பேசினா எவன் காதுல விழும், அக்கா?"

"ரேடியோவுல எந்த ஊர்க்காரன் கூப்பிட்டாலும் என் புருஷன் உடனே பதில் சொல்லுவாரு தம்பி. நான் நேர்ல கூப்பிட்டாத்தான் வாயே திறக்கிறதில்ல. அவரு ரேடியோவோட உட்கார்ந்திருக்கிற எங்க வீட்டு மாடியறை வரைக்கும் போனாப் போதும்."